பதினோராம் எண் படத்தில் இரண்டு விரல்கள்

நைனா,

சனிக்கிழமை சென்னையிலிருந்து ஊருக்கு வந்தபோது பீரோ மேல் ஒரு தடித்த தபால் பொட்டலம் இருந்தது. "ஐயா வூட்லேந்து வந்துது, நான் பிரிக்கல" என்றாள் அம்மா. உள்ளே இன்னும் தைக்கப்படாத அச்சுத் தாள்கள். ஐயா சேர்த்து வைத்திருக்கும் பழைய கைத்துப்பாக்கிகளையும் அவற்றின் தோல் உறைகளையும் பற்றிய புத்தகம் ஒருவழியாக அச்சுக்குப் போகிறதாம். பிழை பார்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு சீட்டு. முதல் பக்கத்தில் 'பட்டியல் தொகுப்பு' என்று போட்டு அதன் கீழே என் பெயர்.

என் பெயரை அச்சில் பார்க்கும் நாள் எப்படி இருக்கும் என்று கல்லூரியில் படிக்கும்போது யோசித்திருக்கிறேன். அன்று நான் அதை இரண்டாம் முறை பார்க்கக்கூட இல்லை. நேராகப் பதினோராம் எண்ணுக்குப் போனேன்.

முழுப்பக்கப் படம். குட்டைக் குழல் கைத்துப்பாக்கி தன் தோல் உறைக்குள் பாதி இறங்கி உட்கார்ந்திருக்கிறது. உறையின் மூடி பின்னால் மடங்கியிருக்கிறது. பித்தளைக் குமிழில் வெயில். பின்னால் வெள்ளைத் துணி, துணியின் ஓரத்தில் பச்சைக் கரை. மேல் மூலையில் அந்தக் கரையைப் பிடித்தபடி இரண்டு விரல்கள். ஒன்றின் நகம் நடுவில் பிளந்து கறுத்திருக்கிறது.

அந்த இரண்டு விரல்களைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டு 'நீக்கவும்' என்று எழுதியிருந்தார்கள்.

படத்தின் அடியில் ஒரு வரி: 'நிலை: பராமரிப்பாளரின் அறியாமையால் துருப்பிடித்தது.' அதன் அருகில் எந்தக் குறியும் இல்லை. அதில் பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அந்த வரியைத் தட்டச்சு செய்தது நான்.

ஐயாவின் துப்பாக்கி அலமாரியை நீ இருபத்திரண்டு வருடம் திறந்து மூடினாய். ஐயாவின் நிலத்தில் வரப்பு வெட்டப் போன கூலியாளாகத்தான் போனாயாம். ஒரு நாள் அந்த அலமாரியை மாடிக்கு ஏற்ற ஆள் போதாமல் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அது உன் வேலையாகிவிட்டது. ஜமீன் வீடுகளிலிருந்தும் பட்டாளத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்தும் ஐயா தேடித் தேடி வாங்கியவை அவை. எல்லாமே குழல் அடைக்கப்பட்டவை, லைசென்ஸில் ஏறியவை. ஒன்றிலும் குண்டு போகாது. "துப்பாக்கி நூறு கிடைக்கும்மா. அது கூடவே பொறந்த உறை கிடைக்காது" என்பார் ஐயா. துப்பாக்கியின் அடியில் வெட்டியிருக்கும் எண்ணும், உறை மூடியின் உள்பக்கம் மசியால் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது கூடப் பிறந்தது. அவரிடம் இருந்த பத்தொன்பதில் அப்படி எண் பொருந்தியது ஒன்றே ஒன்று. அதுதான் பதினொன்று.

நீ அவற்றைத் துடைப்பதைப் பார்த்தால் வேலை செய்வது போலவே இருக்காது. ஐயா வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கையுறை உன் கைக்குள் போகாமல் கிழிந்துவிட்டது. அதனால் வேட்டி முனையால் பிடித்துக்கொள்வாய். வெறும் விரல் இரும்பில் படக் கூடாது, விரலில் உப்பு இருக்கிறது என்பாய். இரும்புக்கு மெல்லிய எண்ணெய், தோலுக்கு வெறும் துணி. பித்தளைக் குமிழைச் சுற்றித் தோலில் பச்சையாக மெழுகு மாதிரி கட்டும். அதை மூங்கில் சிம்பால் சுரண்டி எடுப்பாய். துப்பாக்கிகள் மேல் தட்டில், உறைகள் கீழ்த் தட்டில். படம் எடுக்கவோ விருந்தாளிக்குக் காட்டவோ மட்டும்தான் இரண்டும் சேரும்.

நான் பி.ஏ. வரலாறு முடித்து வேலை இல்லாமல் இருந்தபோது, பட்டியல் போட ஆள் வேண்டும் என்று ஐயாவே கேட்டார். முதல் நாள் அந்த அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். நீ நின்றாய். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை. நீதான் கண்ணால் உட்காரச் சொன்னாய். அன்று நான் ஏதோ கேட்க வேண்டுமே என்று, இவ்வளவு பொருத்தமான உறை இருக்கும்போது ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஐயாவைக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நீ சொன்னாய்: "தோலு செத்தும் தண்ணி குடிக்கும்மா. மழ நாள்ல அத்தோட இரும்ப படுக்க வெச்சா ரெண்டும் கெட்டுப்பூடும்."

ஐயா சிரித்தார். "பாத்தியா, உங்கப்பன் என்னை விட நல்லா சொல்றான். எழுதிக்க."

நான் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

படம் எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். மொட்டை மாடியில் மேசை போட்டோம். பின்னணிக்கு வெள்ளைத் துணி இல்லை என்றதும், அம்மா துவைத்து வைத்திருந்த பச்சைக் கரை வேட்டியை எடுத்து வந்தாய். ஒரு பாதியை மேசையில் விரித்து, மறு பாதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாய். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் அது புடைத்துக்கொண்டே இருந்தது.

"நைனா, ஆடாம புடி."

"நான் ஆடலம்மா, வேட்டிதான் ஆடுது. என் வேட்டி எல்லாம் போட்டோல வருது. நான் ஒருத்தன் வரல, பாத்துக்கோ."

"நீ வந்தா துப்பாக்கி தெரியாது."

"ஆமா, அப்டியே பயந்து ஓடிப்பூடும்."

ஒவ்வொன்றையும் தனியாக ஒரு படம், உறையை ஒரு படம், இரண்டையும் சேர்த்து ஒரு படம். பதினொன்று எண் பொருந்தியது என்பதால் அதைக் கடைசியில் நிதானமாக எடுக்கலாம் என்று வைத்திருந்தோம். அதை எடுத்து முடித்த நேரத்தில் கீழேயிருந்து ஐயா குரல் கொடுத்தார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் மத்தியானத்துக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். அவர் குளித்துக் கிளம்ப வேண்டும். நீ ஆட்டோ கூட்டி வர ஓடினாய். போகும்போது சொன்னாய்: "நீயே துணில சுத்தி பொட்டில வெச்சுடும்மா. உனுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

மற்ற பதினெட்டையும் துணியில் சுற்றினேன். அப்போது என் போன் அடித்தது. சென்னையில் ஒரு அருங்காட்சியகத்தில் ஆவணப் பிரிவுக்கு நேர்காணல், ஐயா எனக்காக எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது. காதில் போனை வைத்துக்கொண்டே பதினோராம் எண்ணின் உறை மூடியை மடித்து, குமிழை அழுத்தி, அப்படியே உறையோடு துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். என் மனம் சென்னையில் இருந்தது. கை மட்டும்தான் அங்கே இருந்தது.

ஸ்டேஷனில் ஏட்டு பெட்டியைத் திறந்து மேலாக இரண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "எலெக்ஷன்ல இத்த வெச்சிக்கினு யார மெரட்டப் போறாரு உங்க ஐயா?" நீ சொன்னாயாம்: "ஈ ஓட்டலாம் சார்." வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நாம் மூவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

தேர்தல் முடிந்து, எண்ணிக்கை முடிந்து, அனுமதி வந்து பெட்டியைத் திரும்ப எடுத்து வர மழைக்காலம் பாதி போயிருந்தது. மேசைமேல் ஒவ்வொன்றாகப் பிரித்தாய். கடைசிப் பொட்டலத்தைக் கையில் எடுத்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது. கனம் காட்டிக் கொடுத்திருக்கும். பிரிப்பதற்கு முன் நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'அய்யோ, இவளா' என்பதுதான் இருந்தது. விவரம் தெரியாமல் குழந்தை கிணற்றோரம் போவதைப் பார்க்கிறவர் முகம்.

உறைக்குள்ளிருந்து துப்பாக்கி லேசில் வரவில்லை. வந்தபோது ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பாகப் பூத்திருந்தது. உறையின் தையல் எங்கெல்லாம் பட்டதோ, அங்கெல்லாம் புள்ளி புள்ளியாக இரும்பில் குழி. அடியிலிருந்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. உறைக்குள்ளும் துரு இறங்கி, மசி எண் கரைந்திருந்தது. கூடப் பிறந்ததற்கு இனிமேல் அத்தாட்சி இல்லை.

ஐயா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டா, யார்ரா உறையோட வெச்சது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன், நைனா. ஆனால் எனக்கு எப்போதும் போல முதல் சொல் வருவதற்கு நேரமானது. அந்த நேரத்துக்குள் நீ பேசிவிட்டாய்.

"நான்தாங்க வெச்சேன். பை இருக்கசொல்ல துணி எதுக்குன்னு உள்ள போட்டுட்டேன். எனுக்கு இன்னாங்க தெரியும்."

'எனுக்கு இன்னா தெரியும்.' தோல் செத்தும் தண்ணீர் குடிக்கும் என்று சொன்ன வாய் அது. அந்த வீட்டில் உனக்கென்று இருந்தது அந்த ஒரு அறிவுதான். நம் தெருவில் யாருக்கும் இல்லாதது, ஐயாவே சிரித்து ஒத்துக்கொண்டது. அதை எடுத்து நீ மேசைமேல் வைத்துவிட்டாய். அலமாரிச் சாவியை அரைஞாண் கயிற்றிலிருந்து கழற்றி வைத்தது அதற்கு அப்புறம்தான்.

ஐயா நம்பினார். அதுதான் எனக்கு இன்றும் விளங்காதது. இருபத்திரண்டு வருடம் பார்த்தவர் ஒரு நொடியில் நம்பினார். "எத்தனை வருஷம் சொன்னாலும் உங்க மண்டையில ஏறாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "எழுதிக்கம்மா. வேலைக்காரன் அறியாமையால துருப்பிடிச்சதுன்னு போடு" என்றார்.

நான் தட்டச்சு செய்தேன். 'வேலைக்காரன்' என்ற சொல்லை மட்டும் 'பராமரிப்பாளர்' என்று மாற்றினேன். உனக்கு ஏதோ மரியாதை செய்துவிட்டதாக அந்த நிமிடம் நினைத்தேன். எல்லாவற்றையும்விட அந்த நினைப்புக்குத்தான் இப்போது கூசுகிறது.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினாய். இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடியே பேசினாய். "நீ ஒண்ணும் வாயத் தெறக்காத. என்ன தெரியாதவன்னு சொன்னா நம்புவாங்க, அத்தோட விட்டுருவாங்க. உன்ன சொன்னா அப்பால ஒரு எடத்துலயும் சேக்க மாட்டாங்க. அம்மாவாண்டயும் சொல்லாத, அவ ஊருக்கே சொல்லிடுவா. இன்னா?"

நான் "சரி நைனா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீ வண்டியைக் கிளப்பினாய்.

தேர்தலால் தள்ளிப்போன நேர்காணலில் என்னை எடுத்துக்கொண்டார்கள். நீ வாலாஜாபாத்தில் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனாய், அந்த வயதில். அம்மா உன்னை விடவில்லை. நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் காதுபடவே ஆரம்பிப்பாள்: "தொடைக்கத்தான வெச்சாங்க? தொர எடுத்து உறைல சொருகிட்டு வந்துகீறாரு. படிச்ச பொண்ணு மானமும் சேந்து போயிருக்கும். இன்னாய்யா தெரியும் உனுக்கு?"

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமாண்டி, எனுக்கு இன்னா தெரியும், கொழம்பு ஊத்து" என்பாய். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாய். பார்த்தால் நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்தாயோ. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வருடம் அப்படித்தான் சாப்பிட்டோம்.

ஒரே ஒரு முறை, மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுக் கூரையைப் பார்த்தபடி கேட்டாய்: "இந்த ஈரத்துல அலமாரிய தெறந்து காத்து காட்டனாங்களோ இன்னாவோ." அம்மா, "உன்ன தொரத்தனவங்க வூட்டு அலமாரி உனுக்கு எதுக்கு" என்றாள். நான் அப்போது சொல்லியிருக்கலாம். போன வருடம் ஆலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று, ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்திருந்த அந்த ஒரு மணி நேரத்திலும் சொல்லியிருக்கலாம். நர்ஸ் ஏதோ கேட்டதற்கு, "எனுக்கு இன்னா தெரியும்மா, எம் பொண்ணு படிச்சவ, அவளாண்ட கேளு" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் பெருமை இருந்தது.

சனிக்கிழமை நான் நினைத்தது இவ்வளவுதான்: அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் சத்தமில்லாமல் அடித்துவிட வேண்டும், காரணத்தையே எடுத்துவிட்டு 'துருப்பிடித்துள்ளது' என்று மட்டும் விட்டுவிட வேண்டும். யாருக்கும் எதுவும் விளக்க வேண்டாம். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள். எழுத்துப் பக்கம் போகவே இல்லை.

"இது உங்க நைனா வெரலு."

நான் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நெகத்தப் பாரு, உலக்க விழுந்த நெகம். அந்தப் பச்சக் கர வேட்டி. இங்க இன்னா பண்ணிக்கினு கீறாரு?"

"பின்னாடி துணி புடிச்சிக்கினு கீறாரும்மா. நான் போட்டோ எடுத்தேன்."

அவள் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "துப்பாக்கி உறைல கீது."

"ஆமா."

"அவுரு கை வேட்டில கீது."

அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, நைனா. கண்ணில் பட்டதைச் சொன்னாள். ஆனால் அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, மூடியை மடித்தது, ஏரிக்கரை, 'சரி நைனா'. முறத்தை மடியில் வைத்தபடியே கேட்டாள். முடித்ததும், கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் முறத்தைக் கீழே வைத்து, "நான் அந்த மனுசன எத்தினி பேச்சு பேசினேன். சோத்துல கை வெக்கசொல்ல எல்லாம் பேசினேனே" என்றாள். பிறகு எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. என் பாரத்தில் பாதியை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. என்னுடையதும் குறையவில்லை.

மறுநாள் தாள்களை எடுத்துக்கொண்டு உத்திரமேரூரில் ஐயா வீட்டுக்குப் போனேன். ஐயாவுக்குக் கண் மங்கிவிட்டது. நான் சொல்லி முடிக்கும்வரை கைத்தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கும்மா இது? அவன் போயிட்டான். உன் பேரு முதல் பக்கத்துல வருது. உன் ஆபீஸ்ல பாப்பாங்க."

"அந்த வரியில என் பேரு வரணுங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"என்கிட்ட அவன் பொய் சொன்னது அது ஒண்ணுதான்" என்றார். பிறகு, "நான் அதை நம்பியிருக்கக் கூடாது. அவன் சொன்னதுல வேற எதையும் அவ்ளோ சீக்கிரம் நம்பினதில்ல" என்றார்.

அவர் முன்னாலேயே எழுதினேன். 'படமெடுத்த பின் உறையிலிருந்து பிரிக்காமல் வைத்ததால் துருப்பிடித்தது. தவறு பட்டியல் தொகுத்தவருடையது.' பென்சில் வட்டத்தை அழித்துவிட்டு 'விரல்கள் இருக்கட்டும்' என்று எழுதினேன். அதன் பக்கத்தில் உன் முழுப் பெயரையும், 'இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தச் சேகரிப்பைக் காத்தவர்' என்பதையும் எழுதினேன். அச்சில் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. ஐயா தலையசைத்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அம்மா இன்றுவரை போனில், "சாப்ட்டியா" என்பதோடு வைத்துவிடுகிறாள்.

நைனா, இதைச் சொன்னால்தான் கடிதம் முடியும். நான் வேலை செய்யும் இடத்தில் பழைய வாள்கள் உண்டு, குத்துவாள்கள் உண்டு, அவற்றுக்குத் தோல் உறைகளும் உண்டு. சேர்ந்த முதல் வாரமே எல்லாவற்றையும் பிரித்து வேறு வேறு தட்டில் வைத்தேன். மேலதிகாரி ஆச்சரியப்பட்டு, இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். புத்தகத்தில் படித்தேன் என்றேன். அப்போது நீ உயிரோடு இருந்தாய். வாலாஜாபாத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை புதிதாகச் சேர்ந்த பெண் அதே கேள்வியைக் கேட்டாள். "எங்க நைனா சொன்னது" என்றேன். அவர் இந்தத் துறையில் இருந்தாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன் சொற்களிலேயே சொல்லச் சொன்னாள், சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான் பேசி முடித்த பிறகும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சிறிய விஷயத்தைச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு நேரமானது என்று அவளுக்கு விளங்கவில்லை. நாலு வார்த்தைதான். 'நான்தான் வைத்தேன்' என்பது இரண்டே வார்த்தை. ஐயாவின் மேசை முன்னால், நீ என்னைப் பார்த்த அந்த ஒரு நொடிக்குள் சொல்லி முடித்திருக்கலாம்.